ஜெர்மன் பெரியம்மாவின் இனிஷியல்

"கடத்திட்டாங்கன்னு சொல்றீங்க. ஆனா பொண்ணே பெட்டியத் தூக்கிக்கிட்டு காலைல எட்டு மணிக்கு வாசல் வழியா எறங்கிப் போயிருக்கு. அப்ப யாரு யாரக் கடத்துனது அண்ணே?"

வீரப்பன் கேட்ட கேள்வி நியாயமானதுதான். கேட்ட நேரம்தான் சரியில்லை. எதிரே உட்கார்ந்திருந்த சேகரனின் முகம் சுண்டிப்போனது. அவர் பக்கத்தில் அவர் மனைவி பெரியநாயகி, முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"வீரப்பன், நீர் கொஞ்சநேரம் வாயை மூடிக்கொண்டு இரும்," என்றாள் நிரஞ்சனி.

மலாக்கா டவுனில் ஒரு தையல்கடைக்கு மேலே இருந்தது அந்த ஆபீஸ். நிரஞ்சனி பிறப்பு இறப்புப் பதிவு இலாகாவில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, வேலையை உதறி, துப்பறிய வந்தவள். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். எத்தனை கோபம் வந்தாலும் 'நீர்' என்பதற்குக் கீழே இறங்கமாட்டாள். வீரப்பன் தோட்டத்தில் பிறந்து, லாரி ஓட்டி, இடுப்பு போனபிறகு அவளுக்குக் கார் ஓட்ட வந்து சேர்ந்தவன். சம்பளம் கார் ஓட்டுவதற்கு மட்டும்தான். வாய் இலவசம்.

சேகரன் புலாவ் செபாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மண்டோர். நூறு பேரை வேலை வாங்குகிறவர், கோயில் கமிட்டித் தலைவர். காணாமல் போன தேவமலருக்கு இருபது வயது. பெரியநாயகியின் முதல் புருஷன் நாகமுத்துவுக்குப் பிறந்தவள். நாகமுத்து செத்த மறுவருஷம் பெரியநாயகியைக் கட்டிக்கொண்டவர் சேகரன்.

"எனக்குப் பொறந்த புள்ள இல்ல மேடம். ஆனா எட்டு வயசுலேர்ந்து நான்தான் வளத்தேன்," என்றார் சேகரன். வீரப்பனுக்கு, முதலில் அப்படிக் கேட்டிருக்கவேண்டாமோ என்று ஆகிவிட்டது.

விஷயம் இதுதான். பெரியநாயகிக்குப் பூனைக்கண். தோல் வெளுப்பு. அவளுடைய அம்மா ஒரு காலத்தில் துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்தவள். துரையின் பெயர் லோமன். பெரியநாயகியின் பிறப்புச் சூரா என்ற சான்றிதழில் அப்பா பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை, யாரும் வாய்விட்டுப் பேசாத கதை. போன வருஷம் தேவமலர் கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போகத் தொடங்கினாள். இண்டர்நெட்டில் தாத்தாவின் குடும்பத்தைத் தேடுகிறேன் என்றாள். போன மாதம் கண்டுபிடித்தும் விட்டாள். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் இங்கிரிட் என்று ஒரு பெரியம்மா. உடனே புறப்பட்டு வா, படிக்கவைக்கிறேன், என் ஆள் வந்து கூட்டிப்போவார் என்று ஈமெயில்.

"இவ என்னாத்தையும் யோசிக்காம அனுப்பிட்டா," என்று மனைவியைப் பார்க்காமலே சொன்னார் சேகரன். "நான் ரெண்டு நாளா கோயில் வேலையா தாப்பாவுக்குப் போயிருந்தேன். இன்னிக்குப் பத்து மணிக்கு வந்து பாத்தா ஆள் இல்ல. தலகாணிக்கு அடியில இந்தப் பேப்பருங்க. எவனோ ஏமாத்தி இழுத்துக்கிட்டுப் போயிட்டான் மேடம். வித்துருவானுங்க."

"போலீசுக்குப் போனீங்களோ?"

"பொம்பளப்புள்ள விஷயம். வெளிய தெரிஞ்சா நாறிப்போயிடும். அதான் உங்ககிட்ட வந்தேன்."

நிரஞ்சனி பெரியநாயகியைப் பார்த்தாள். "நீங்கள் என்ன சொல்றீங்கள்?"

"நல்லாருக்கட்டும்னுதான் அனுப்புனேன்," என்றாள் பெரியநாயகி.

மேசைமேல் இரண்டு தாள்கள். ஒன்று ஈமெயில். மற்றொன்று வம்ச வரிசை. நிரஞ்சனி அதை வீரப்பனிடம் தள்ளினாள். "வாசியும்."

வீரப்பன் எழுத்துக்கூட்டிப் படித்தான். "கார்ல் லோமன், ஹாம்பர்க். அவரு மகன் கே. பிரெடரிக். அவரு மகன் எஃப். வால்டர், மலாயாவுல துரை. அவருக்கு ரெண்டு பொண்ணு. ஒன்னு டபிள்யூ. இங்கிரிட், ஹாம்பர்க். இன்னொன்னு டபிள்யூ. பெரியநாயகி, மலாக்கா. அதுக்கு மக பி. தேவமலர்." நிமிர்ந்து பார்த்தான். "நல்லாத்தான மேடம் போட்டிருக்கான். ஒரு தப்பும் தெரியலயே."

"உமக்குத் தெரியாது. எனக்கும் முதல்ல தெரியேல்லை. அதுதான் விஷயம்." நிரஞ்சனி கண்ணாடியைக் கழற்றினாள். "வெள்ளைக்காரனுக்குக் குடும்பப் பேர் பின்னால வரும். கார்ல் லோமன் மகன் பிரெடரிக் லோமன். அவர் மகன் வால்டர் லோமன். ஏழு தலைமுறை போனாலும் லோமன். இந்தத் தாளில முதல் ஆளோட லோமன் முடிஞ்சுபோச்சு. பிறகு எல்லாருக்கும் தகப்பன் பேரில முதல் எழுத்து."

வீரப்பன் திரும்பவும் பார்த்தான். கார்லுக்கு கே. பிரெடரிக்குக்கு எஃப். வால்டருக்கு டபிள்யூ. "அட. என் ஐசி கார்டுல வீ. வீரப்பன்னு இருக்க மாதிரியே போட்டிருக்கான். எங்கப்பன் வேலாயுதம்."

"ஓம். ஜெர்மன்காரி ஒருத்தி டபிள்யூ. இங்கிரிட் எண்டு கையெழுத்துப் போடமாட்டாள். இதை எழுதினது ஒரு தமிழ்க் கை."

சேகரன் மேசையில் ஓங்கித் தட்டினார். "கணேஸ்வரன். அந்தக் கம்ப்யூட்டர் வாத்தி. அவனேதான்."

அடுத்த ஐந்து நிமிஷத்தில் கார் கிளம்பியது. சேகரனும் பெரியநாயகியும் தங்கள் காரில் வீட்டுக்குப் போய் போன் பக்கத்தில் காத்திருப்பதாக ஏற்பாடு.

டுரியான் துங்கால் கடைவரிசையில், ரொட்டிக் கடைக்கு மாடியில் கணேஸ்வரனின் கிளாஸ். ஆறு கம்ப்யூட்டர். அவற்றில் ஒன்றுக்குத்தான் இண்டர்நெட். அதுவும் போன் லைனில் ஏறி, கீச்சுக் கீச்சென்று கத்தி, மனசு வந்தால் வேலை செய்யும். கணேஸ்வரனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. வீரப்பன் கதவை அடைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததுமே அவன் எழுந்துவிட்டான்.

"ஜெர்மன் பெரியம்மா இருக்காங்களா தம்பி? பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்," என்றான் வீரப்பன்.

"எந்தப் பெரியம்மா?"

நிரஞ்சனி தாளை அவன் முன்னால் வைத்தாள். படிக்கப் படிக்க அவன் முகத்தில் பயம் போய்க் குழப்பம் வந்தது. அப்புறம் லேசாகச் சிரிப்புகூட வந்தது.

"இதை நான் எழுதல மேடம். எழுதியிருந்தா இவ்வளவு கேவலமா எழுதியிருக்கமாட்டேன். நான்தான் அந்தப் புள்ளைக்கு வெள்ளைக்காரன் பேரு எப்படி வரும்னு மூணு தடவ சொல்லிக்குடுத்தேன்."

"பொண்ணு எங்க?" என்று வீரப்பன் ஒரு அடி முன்னால் வந்தான்.

"சத்தியமா தெரியாதுலா அண்ணே."

"என்ன சொல்லிக்கொடுத்தீர், முழுசாச் சொல்லும்," என்றாள் நிரஞ்சனி.

அவன் சுவரைக் காட்டினான். அங்கே கையால் எழுதிய பட்டியல் ஒட்டியிருந்தது. இங்கிலாந்துப் பக்கம் தேட சர்ச் ஞானஸ்நானப் பதிவு, பழைய ஜனத்தொகைக் கணக்கு. ஜெர்மன் பக்கம் தேட ஹாம்பர்க் துறைமுகத்துக் கப்பல் பட்டியல். இரண்டுக்கும் பொதுவாக, சொந்தக்காரர்களைத் தேடுகிறவர்கள் எழுதிப்போடும் அறிவிப்புப் பலகைகள். வாராவாரம் சனிக்கிழமை தேவமலர் வந்து உட்கார்ந்து தேடுவாள் என்றான் கணேஸ்வரன். துரையின் பெயரை ஊர்க்காரர்கள் வாயில்தான் கேட்டிருக்கிறாள். லோமன் என்பதை இங்கிலீஷ்காரன் ஒரு மாதிரி எழுதுவான், ஜெர்மன்காரன் ஒரு மாதிரி எழுதுவான். முதலில் இங்கிலீஷ் எழுத்தில் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. அப்புறம் ஜெர்மன் எழுத்தில்.

"ரெண்டு பக்கமும் பலகையில எழுதிப் போட்டுச்சு. நான்தான் இங்கிலீஷைத் திருத்திக்குடுப்பேன். பின்னாடி தானே எழுத ஆரம்பிச்சிருச்சு. திருத்தக் குடுக்காது."

"அதை எனக்கு எடுத்துத் தாரும். எல்லாத்தையும்."

அவன் பிரிண்ட் எடுக்கத் தொடங்கினான். மெஷின் வரிவரியாக முக்கி முனகித் தள்ளியது. "ஒன்னு சொல்லணும்," என்றான் பாதியில். "போன வாரம் புலாவ் செபாங்லேருந்து தெக்கால போற ரயிலு எத்தன மணிக்குன்னு கேட்டுச்சு. நாலு இருவதுன்னு பாத்துச் சொன்னேன். அது தப்பா?"

வீரப்பன் மணியைப் பார்த்தான். மூன்று இருபது. பெண்ணை அந்த ஆள் ரயிலில் ஏற்றிச் சிங்கப்பூர் கொண்டுபோகிறான் என்பது அவனுக்கு வெட்டவெளிச்சமாகப் புரிந்துவிட்டது. படியில் இறங்கி ஓடினான். ரொட்டிக் கடை வாசலில் இருந்த பப்ளிக் போனில் காசைப் போட்டு, சேகரன் வீட்டு நம்பரைச் சுற்றினான்.

"அண்ணே, கண்டுபிடிச்சிட்டோம். புலாவ் செபாங் ஸ்டேஷன். நாலு இருவது ரயிலு. நாங்க போயிக்கிட்டே இருக்கோம்."

"விட்டுறாதீங்க. நான் வர்றேன்," என்றார் சேகரன். போன் பட்டென்று வைக்கப்பட்டது.

அவனுக்குப் பெருமையாக இருந்தது. மேடம் படி இறங்கி வருவதற்குள் ஒரு காரியத்தை முடித்துவிட்டான்.

அலோர் காஜா தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பாதையின் இருபக்கமும் செம்பனைத் தோட்டம். நிரஞ்சனி பின்சீட்டில் உட்கார்ந்து அந்தத் தாள்களைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"வீரப்பன், தேவமலரின்ட தகப்பன் பேர் என்ன?"

"நாகமுத்துன்னு சொன்னாங்களே மேடம். செத்துப்போனவரு."

"அப்ப அவள் பேருக்கு முன்னால என்ன எழுத்து வரவேணும்?"

"என். ஐசில அதான இருக்கும்."

"எவனோ ஒரு ஏமாத்துக்காரன் அவள் ஐசியைப் பார்த்து எழுதியிருந்தா என் போட்டிருப்பான். வளர்த்தவரைக் கேட்டு எழுதியிருந்தா எஸ் போட்டிருப்பான். இதில பி எண்டு இருக்கு."

"பி… பெரியநாயகி. அம்மா பேரு."

"மற்ற எல்லாருக்கும் தகப்பன் எழுத்து. தனக்கு மட்டும் தாயின்ட எழுத்து. அப்படி ஒரு எழுத்தை அவளைத் தவிர வேற யார் போடுவினம்? ஏமாத்துக்காரன் எண்டு ஒருத்தன் இல்லை. அந்தப் பெரியம்மாவும் இல்லை. எழுதினது அந்தப் பிள்ளைதான்."

"எதுக்கு மேடம்? எதுக்கு இவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு பொய்யி?"

நிரஞ்சனி தாளைப் பார்த்து, ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். முதல் அறிவிப்பு மார்ச் மாதம். என் தாத்தா மலாயாவில் தோட்டத் துரையாக இருந்தவர், அவர் குடும்பத்தைத் தேடுகிறேன், எனக்கு எதுவும் வேண்டாம், தெரிந்துகொண்டால் போதும். பதில் இல்லை. மே மாதம், ஜெர்மன் பலகையில். எந்தச் சொந்தமாக இருந்தாலும் சரி, எழுதுங்கள். பதில் இல்லை. ஜூலையில் இரண்டு. பதில் இல்லை. கடைசி அறிவிப்பு செப்டம்பரில், அதில் இங்கிலீஷ் தப்பும் தவறுமாக இருந்தது.

"யாராவது ஒருத்தர் என்னைக் கூப்பிடுங்கள். வீட்டு வேலை செய்கிறேன். நான் இருக்கும் வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. என் அறைக் கதவில் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். அம்மா நம்பவில்லை."

வீரப்பன் காரை ஓரம் கட்டினான். வேண்டுமென்று கட்டவில்லை. கை தானாக ஸ்டீரிங்கை ஒடித்துவிட்டது.

"அந்த ஆளா? கோயில் கமிட்டி, நான்தான் வளத்தேன்னு…"

"வண்டியை எடும்."

"மேடம்." அவன் பின்சீட்டுப் பக்கம் திரும்பினான். "நான் போன் பண்ணிட்டேன். ரொட்டிக் கடேலேருந்து. ஸ்டேஷனு, ரயிலு, மணி எல்லாத்தையும் அவருகிட்ட சொல்லிட்டேன்."

நிரஞ்சனி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. "தோட்டத்தில இருந்து ஸ்டேஷன் எவ்வளவு தூரம்?"

"நமக்கு முன்னாடி போயிடுவாரு."

அதற்கப்புறம் வீரப்பன் ஓட்டியதைக் கார் ஓட்டுவது என்று சொல்லமுடியாது. லாரிக் காலத்தில்கூட அவன் அப்படி ஓட்டியதில்லை. புலாவ் செபாங் ஸ்டேஷன் வாசலில் அவன் பிரேக் போட்டபோது மணி நாலு ஐந்து. சேகரனின் கார் இன்னும் வந்திருக்கவில்லை. மழையில் தோட்டத்து மண்பாதையில் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கவேண்டும்.

தேவமலர் பிளாட்பார மூலையில், எடை பார்க்கும் மெஷினுக்குப் பின்னால், பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் அதே கண். நிரஞ்சனி அவளுக்கு முன்னால் குனிந்து, அந்தக் கடைசி அறிவிப்பைக் காட்டினாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

தேவமலர் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

"ஏழு மாசம் எழுதி எழுதிப் பாத்தேன் ஆன்ட்டி. ஒருத்தரும் பதில் போடல. அப்புறம் நானே பதில் எழுதிக்கிட்டேன்." குரல் அடங்கி இருந்தது. "ஜோகூர்ல ஃபேக்டரி வேல கெடச்சிருக்கு. ஹாஸ்டல் இருக்கு. அவரு தாப்பாலேருந்து வர்றதுக்குள்ளன்னு காலைலயே இங்க வந்து ஒளிஞ்சிக்கிட்டேன். ஃபேக்டரின்னா அம்மா விடமாட்டாங்க, அவரு விடமாட்டாரு. வெள்ளைக்காரப் பெரியம்மா கூப்புடுதுன்னா அம்மா விடுவாங்க. அவங்க அப்பா வீட்டுலேருந்து யாராச்சும் வருவாங்கன்னு அவங்க சின்னப்புள்ளையிலேருந்து காத்துக்கிட்டு இருந்தவங்க."

"அம்மாட்ட சொன்னீரோ? அந்த ஆளைப் பற்றி?"

"சொன்னேன்." அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். "திரும்பக் கூட்டிக்கிட்டுப் போகவா வந்தீங்க?"

"இல்லை," என்றாள் நிரஞ்சனி. "ஏத்திவிட வந்தனாங்கள்."

ரயில் வந்துகொண்டிருந்தது. அதே நேரத்தில் வாசலில் கார் கதவு அறையும் சத்தமும் கேட்டது. வீரப்பன் எட்டிப் பார்த்தான். சேகரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வந்துகொண்டிருந்தார். பின்னால் ஓட்டமும் நடையுமாகப் பெரியநாயகி.

"மேடம், ஏத்துங்க. நான் பாத்துக்கறேன்."

அவன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். இடுப்பு வலி உயிர் போனது. "அண்ணே, ஏமாந்துட்டோம் அண்ணே. ஆளு இங்க இல்ல. பஸ்ஸுல மலாக்காப் பக்கம் போயிருக்குதாம்."

"யாரு சொன்னா?"

"டிக்கெட் கொடுக்கற மலாய்க்காரப் பெரியவரு, அந்தப் பக்சிக்."

சேகரன் அவனை ஒரு பார்வை பார்த்தார். தோளில் கை வைத்து ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே போனார். வீரப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி பின்னால் ஓடினான். ரயில் நின்றுகொண்டிருந்தது. சேகரன் முன்பெட்டியிலிருந்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பெரியநாயகி கடைசிப் பெட்டிப் பக்கம் போய்விட்டிருந்தாள். அங்கே போய் ஒரு ஜன்னலுக்கு நேராக நின்றுவிட்டாள். அசையவில்லை.

உள்ளே, தேவமலர் துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்து, மலாய்ப் பெண்கள் கட்டுவதுபோல் கழுத்தைச் சுற்றிக் கட்டியிருந்தாள். ஆனால் கண்ணை எதைக் கொண்டு மறைப்பது? அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு கண்ணாடிதான். மகள் தலையை அசைக்கக்கூட இல்லை.

"அங்க யாரு?" என்று சேகரன் மூன்றாவது பெட்டியிலிருந்து குரல் கொடுத்தார். "ஏய், உன்னத்தான். அந்த ஜன்னல்ல யாரு உக்காந்திருக்கா?"

பெரியநாயகி திரும்பினாள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, அதை முழுசாக மறைத்துக்கொண்டு நின்றாள்.

"மலாய்க்காரப் புள்ள," என்றாள். "நம்ம புள்ள இல்ல."

விசில் ஊதியது. ரயில் அவள் முதுகுக்குப் பின்னால் நகர்ந்து, வேகம் பிடித்து, மழைக்குள் போனது. அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் சேகரன் கண்டுபிடித்திருப்பார்.

"சனியன், பஸ்ஸுலதான் போயிருக்கா," என்று சேகரன் முணுமுணுத்தார். "வா, மலாக்காவுக்குப் போவோம்." காரை எடுக்கப் போனார்.

பெரியநாயகி போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள். ரயிலின் மறுபக்கத்தில் இறங்கிச் சுற்றி வந்த நிரஞ்சனி அவள் பக்கத்தில் போய் அமர்ந்தாள். வெளியே சேகரன் ஹாரன் அடித்தார். ஒரு தடவை. அப்புறம் நீளமாக இன்னொரு தடவை.

"பொழச்சுக்குமா மேடம்?" என்று கேட்டாள் பெரியநாயகி.

"வேலை இருக்கு. தங்க இடம் இருக்கு. நான் கிழமைக்குக் கிழமை போன் பண்ணுறன்."

பெரியநாயகி தலையாட்டினாள்.

"நாலு தடவ சொன்னுச்சு எங்கிட்ட. நாலு தடவயும், நீ கனவு கண்டிருப்பன்னு சொல்லி நான்தான் அது வாயப் பொத்துனேன். எனக்குத் தெரியும் மேடம். மொத தடவயே தெரியும். போலீஸ்ல போய்ச் சொன்னா அதையும் சொல்லணுமா?"

"சொல்லத்தான் வேணும்."

"என்னையும் உள்ள போட்டுருவாங்களா?"

இருபத்திரண்டு வருஷம் பதிவேட்டில் ஒரு பொய் எழுத்து எழுதாதவள் நிரஞ்சனி. "எனக்குத் தெரியாது பெரியநாயகி," என்றாள்.

வெளியே ஹாரன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பெரியநாயகி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து, வீரப்பனிடம் வந்தாள்.

"அந்த வண்டியில நான் ஏறமாட்டேன்," என்றாள். "உங்க வண்டிய எடுங்க அண்ணே. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவோம்."